இவனா, இவனைப் பெற்றவர்களா?

உடலோ மனமோ கெட்டு ராணுவத்திலிருந்து அனுப்பப்படுகிறவனை முதலில் ஒரு மருத்துவக் குழு பார்க்கும். பட்டாளத்துப் பேச்சில் அது 'மெடிக்கல் போர்டு'. அதன் வழியாக வீடு வந்து சேர்ந்தவன் 'போர்டு அவுட்' ஆனவன். குழு நிரப்புகிற படிவத்தில் எடை, ரத்த அழுத்தம், கண், காது எல்லாம் வரும். ஆனால் அவனுடைய மீதி வாழ்க்கையைத் தீர்மானிப்பது ஒரு கேள்விதான். இந்த நோய் பணியால் வந்ததா, பணியால் கூடியதா, இல்லை அவன் கூடவே கொண்டுவந்ததா?

காலில் குண்டு பாய்ந்தவன் விஷயத்தில் இதற்குப் பதில் எளிது. மனம் குலைந்தவன் விஷயத்தில் அப்படி இல்லை. பணியால் வந்தது என்று எழுதினால் ஊன ஓய்வூதியம் உண்டு. அதைவிட முக்கியமாக, ஊரில் தலை நிமிர்ந்து நடக்க ஒரு காரணம் உண்டு. கூடவே கொண்டுவந்தது என்று எழுதிவிட்டால் நோயும் அவனுடையது, பழியும் அவனுடையது. பெண் கொடுத்த வீட்டில்கூட, முன்னமே இருந்ததை மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழும்.

இது மருத்துவக் கேள்வி போலத் தெரிகிறது. உண்மையில் மிகப் பழைய சமயக் கேள்வி என்பது என் எண்ணம்.

நான் மருத்துவன் அல்லன். காலாட்படைப் பிரிவு ஒன்றில் பாதிரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நம் தரைப்படையில் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரி, பௌத்த பிக்கு ஆகியோரை மத போதகர்களாக நாயிப் சுபேதார் பதவியில் சேர்க்கிறார்கள். ஞாயிறு ஆராதனையும் அடக்கச் சடங்கும் மட்டும் எங்கள் வேலை அல்ல. ஆஸ்பத்திரியில் கிடப்பவனையும் தண்டனையில் இருப்பவனையும் போய்ப் பார்ப்பதும் எங்கள் கடமை. அப்படித்தான் மனநோய் வார்டுகளுக்குள் போய்வந்தேன். அங்கே இருப்பவர்கள் தங்கள் மதப் பாதிரியா, வேற்று மதப் பண்டிதரா என்று பார்ப்பதில்லை. உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வந்தால் போதும் அவர்களுக்கு.

அவர்களில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கத்திப் பிள்ளை, சிப்பாய். வடக்கே ஒரு மலைப்பகுதியில் கிளர்ச்சி எதிர்ப்புப் பணியில் இருந்தான். இரவில் ஆம்புஷ் போட்டிருந்த குழுவில் முதலில் சுட்டவன் அவன். விழுந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. விசாரணையில் ஒரு குறையும் இல்லை. அதிகாரிகள் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். விழுந்தவனுக்கு இன்னும் மீசைகூட அரும்பவில்லை என்பதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தவனும் அவனேதான். சில மாதங்களில் தூக்கம் போயிற்று. யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்கிறது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தான். ஆயுதத்தை வாங்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "எல்லாரும் நான் செஞ்சது சரின்னுதான் சொல்றாங்க, சாப். சரிதான், நானும் ஒத்துக்கிறேன். ஆனா அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதானே? அத ஒருத்தராச்சும் வாய்விட்டுச் சொல்லலாமில்ல?"

உன் நோய்க்குக் காரணமாக நீ நினைக்கும் பணிக்கால நிகழ்ச்சி ஏதும் உண்டா என்று அந்தப் படிவத்தில் நோயாளியையே கேட்கும் இடம் ஒன்று உண்டு. அவன் 'இல்லை' என்று எழுதினான். ஏன் தம்பி அப்படி எழுதினாய் என்றேன். "அது டியூட்டி, சாப். டியூட்டி எப்படி நோவா ஆகும்?" என்றான். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்ட இடத்தில், சித்தப்பாவுக்கு இருந்ததை மறைக்காமல் சொன்னான். குழுவின் முடிவு வந்தது: நோய் அவன் இயல்பைச் சேர்ந்தது, பணியோடு தொடர்பில்லை. ஏன் தொடர்பில்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம் இல்லை. அவன் பொய் சொல்லாததே அவனுக்கு எதிரான சாட்சியாக நின்றது.

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவன் வழியோரம் உட்கார்ந்திருக்கிறான். சீடர்கள் இயேசுவிடம் கேட்கிறார்கள்: இவன் குருடனாய்ப் பிறக்கப் பாவம் செய்தவன் யார், இவனா, இவனைப் பெற்றவர்களா? எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி அது. அந்த வார்டிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கொடுமை எனக்கு உறைத்தது. சீடர்கள் கெட்டவர்கள் அல்லர். காரணம் தெரிந்துகொள்ள விரும்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் தந்த இரண்டு விடைகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கேட்கிறவர்களுக்குப் பங்கு இல்லை. அவன் செய்தான் அல்லது அவன் வீட்டார் செய்தார்கள். எப்படியானாலும் நாம் நடந்து போய்விடலாம். இயேசு இரண்டையும் மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசிக் கழுவ அனுப்பினார். கேள்வியைப் பின்னோக்கி இருந்த திசையிலிருந்து முன்னோக்கித் திருப்பினார்: இப்போது இவனுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

நம் நாட்டுச் சட்டம் இதே திருப்பத்தைத் தன் வழியில் செய்திருக்கிறது. ஊன ஓய்வூதியத்துக்கான 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி, சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவன் உடலும் மனமும் நலமாக இருந்தான் என்றே கொள்ள வேண்டியிருந்தது. பிறகு நலம் கெட்டு வெளியேற்றப்பட்டால் அது பணியால் நேர்ந்தது என்று கொள்ள வேண்டியிருந்தது. நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையில் இருக்கவில்லை. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. பணியோடு தொடர்பில்லை என்று மருத்துவக் குழு சொல்லுமானால் அதற்குக் காரணத்தை எழுத வேண்டும் என்றது. அதே மாதம் இன்னொரு வழக்கில், 1970-களில் மனச்சிதைவு என்று சொல்லி வெளியேற்றப்பட்ட ஒருவரை மறுபடி மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வெளியேற்றத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே முப்பது ஆண்டுக்கு மேல். 2023-இல் புதிய விதிகள் வந்தன. அவற்றைப் பற்றி வாதங்கள் எழுந்தன. விதி மாறலாம். அதன் கீழே இருக்கும் நியாயம் மாறாது. வாடகை சைக்கிளை நல்ல நிலையில் எடுத்துப்போனவன், திருப்பிக் கொடுக்கும்போது சக்கரம் கோணியிருந்தால், அது சைக்கிளின் சுபாவம் என்று சொல்ல முடியாது.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2001 நவம்பர் முதல் 2007 ஜூன் வரை சுமார் 26,000 வீரர்கள் 'ஆளுமைக் கோளாறு' என்ற காரணத்தின் பேரில் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சுமார் 2,800 பேர் ஆப்கானிஸ்தான், ஈராக் காலத்துப் போர்ப் பணிக்குப் போய்வந்தவர்கள். இது அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2008-இல் வெளியிட்ட கணக்கு. ஆளுமைக் கோளாறு என்பது பட்டாளத்தில் சேரும் முன்பே இருந்ததாகக் கருதப்படுவது; அதனால் ஊனத்துக்கான உதவி கிடையாது. அங்கேயும் அதே பதில்: இவன் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. போர்ப் பணிக்குப் போய்வந்தவன் மன அதிர்ச்சியோ மூளைக் காயமோ இருப்பதாக நியாயமாகச் சொன்னால், அவப்பெயரோடு வெளியேற்றும் முன் மருத்துவர் அவனைப் பார்த்தாக வேண்டும். நடத்தையில் கண்ட குற்றத்துக்கு அந்தக் காயம் காரணமா என்று ஆராய வேண்டும்.

சட்டம் வந்த பிறகும் கதை முடியவில்லை. 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்ட 91,764 பேரில் 57,141 பேருக்கு, வெளியேற்றத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மன அதிர்ச்சியோ மூளைக் காயமோ வேறு சில மனநலச் சிக்கல்களோ இருப்பதாக மருத்துவர்களே எழுதியிருந்தார்கள். நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர். அவர்களில் 13,283 பேர் கௌரவக் குறைவான விடுவிப்புப் பத்திரத்தோடு போனார்கள். ஒரு மேசையில் நோய் என்று எழுதியதை அடுத்த மேசையில் குற்றம் என்று எழுதினார்கள்.

இன்னும் முன்னே போனால் துப்பாக்கி முனையில் வந்து நிற்கிறது இந்தக் கேள்வி. ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் 1915-இல் குண்டதிர்ச்சியால் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மறுபடி போர்முனைக்கு அனுப்பப்பட்டு, முன்னே போக மறுத்தார். வாதாட ஆளில்லாத ஒரு விசாரணைக்குப் பின் 1916 அக்டோபரில் கோழை என்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரையும் சேர்த்து 306 பேருக்கு 2006-இல் மன்னிப்பு வழங்கியது பிரிட்டன். மருத்துவன் சொல்வது யாருடைய காதிலும் விழாத விசாரணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவர் முடிவு சாட்சி.

மருத்துவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மனச்சிதைவு தானாகவே வருவதுண்டு. பட்டாளத்தில் சேரும் அதே இளம் வயதில்தான் அது பலருக்குத் தலைகாட்டுகிறது. எல்லாவற்றையும் பணியால் வந்தது என்று எழுதிவிட்டால் அந்தத் தீர்ப்புக்கே பொருள் போய்விடும். மருந்து தேவையில்லை, ஜெபம் போதும் என்று சொல்கிறவனும் நான் அல்லன். மாத்திரையால் தூங்கி எழுந்து, தன் பிள்ளையின் பெயரை மறுபடி அடையாளம் கண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவத்தைச் செய்ய வேண்டாம் என்பதல்ல என் வாதம். மருத்துவம் மட்டும் கேட்டு முடிக்கிற கேள்வி அல்ல இது என்பதுதான்.

ஏனென்றால் அந்தத் தம்பியிடம் இரண்டு துன்பங்கள் இருந்தன. கேட்காத சத்தம் கேட்டது நோய். அதற்கு மருந்து உண்டு. ஆனால் 'அவனும் ஒரு தாய் பெத்த புள்ள' என்றானே, அது நோய் அல்ல. அது அவனுக்குள் ஒழுங்காக வேலை செய்த பகுதி. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இவ்வகைத் துன்பத்தைத் தார்மீகக் காயம் என்று அழைத்து, 1994-இல் கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீசின் கதையோடு சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் முதலில் பேசியது மேலிடத்தின் துரோகத்தால் வரும் காயத்தை. பின்னால் வந்தவர்கள் தன் கையால் செய்ததன் பாரத்தையும் அதில் சேர்த்தார்கள். ஊனத்துக்குப் போடுவது போல இதற்குச் சதவீதம் போட முடியாது. நீ செய்தது சரி என்று சொல்லித் துடைத்துவிடவும் முடியாது.

பழைய காலத்துச் சமயங்கள் இதை அறிந்திருந்தன. பைபிளில் எண்ணாகமம் 31-ஆம் அதிகாரத்தில், போரில் கொன்றவனும் பிணத்தைத் தொட்டவனும் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே தங்கி, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தங்களைச் சுத்திகரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே அதிகாரத்தில் பெண்களையும் சிறுவர்களையும் கொல்லச் சொன்ன கட்டளையும் இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறும், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கடும் மனிதர்களுக்குக்கூட, கொன்ற கையோடு நேரே வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று தெரிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பேசில், போரில் கொல்வதைக் கொலை என்று முன்னோர் எண்ணவில்லை என ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர்கள் கை சுத்தமில்லாததால் மூன்று ஆண்டு நற்கருணை எடுக்காமல் இருப்பது நல்லது என்று ஆலோசனை சொன்னார்.

இங்கிலாந்தில் 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மானியப் படைக்கு, சில ஆண்டுகளில் அவர்களுடைய ஆயர்களே தவம் விதித்தார்கள். கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆண்டு. அடித்தவன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாவிட்டால் ஆளுக்கு நாற்பது நாள். தன் அம்பு யாரைத் தைத்தது என்றே அறிய முடியாத வில்லாளிக்கு மூன்று தவக்காலம். இதில் என்னை நிறுத்தியது ஒன்று: இது தோற்றவர்களுக்கு விதித்ததல்ல, வென்றவர்களுக்கு. நடுங்கியவனைத் தனியே பிரித்து விதித்ததும் அல்ல, அனைவருக்கும் விதித்தது. அதனால் தவம் செய்கிறவன் பைத்தியம் என்றோ கோழை என்றோ யாரும் சொல்ல வழியில்லை. அவனுக்கு இடமும் காலமும் துணையும் இருந்தன. ஒரு கடைசி நாளும் இருந்தது. அதன்பின் அவன் ஊரோடு சேர்ந்துவிடலாம்.

நம் மரபிலும் இது உண்டு. நான் வேலூர்ப் பக்கத்தவன். கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு பட்டாளத்தான் இருக்கிற ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையானாலும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தேன். பதினெட்டாம் போர், துரியோதனன் படுகளம், அம்மன் கூந்தல் முடிப்பது, தீமிதி, தருமர் பட்டாபிஷேகம் என்று விழா நிறைவுறும். எங்கள் ஊரில் பாரதப் பிரசங்கியார் படித்தது வில்லிபாரதம். அது சௌப்திக பருவத்தோடு நிற்கிறது. ஆகவே போருக்குப் பின் தருமனுக்கு என்ன ஆயிற்று என்பதை எங்களுக்கு யாரும் பாடிக் காட்டவில்லை. பல காலத்துக்குப் பின், கும்பகோணம் பதிப்பின் தமிழ் மொழிபெயர்ப்பில் சாந்தி பருவத்தைப் படித்தபோது அதைத் தெரிந்துகொண்டேன்.

வென்ற தருமன் அரியணை வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறான். கர்ணன் தன் அண்ணன் என்று அறிந்து உடைந்துபோகிறான். பீமன் இடித்துரைக்கிறான். அர்ஜுனன் அரச நீதி பேசுகிறான். திரௌபதி ஒரு படி மேலே போய், இவருக்குப் பித்து, பித்துப் பிடித்தவனுக்குத் தூபமும் அஞ்சனமும் மூக்கில் இடும் மருந்தும் கொடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறாள். போரிலிருந்து வந்தவனை மருத்துவரிடம் காட்டுங்கள் என்ற குரல் அத்தனை பழையது. ஐந்து பிள்ளைகளையும் இழந்த தாய் அவள். அவள் கோபத்தில் அன்பும் இருக்கிறது. அவள் சொன்னது தவறும் அல்ல.

ஆனால் வியாசர் அவனைப் பித்தன் என்று ஒதுக்கவும் இல்லை, உனக்கு ஒன்றுமில்லை என்று தட்டிக்கொடுத்து முடிக்கவும் இல்லை. செய்ததற்குப் பிராயச்சித்தம் உண்டு என்று வழி காட்டுகிறார். பிறகு அவனை பீஷ்மரிடம் போகச் சொல்கிறார்கள். தங்கள் அம்புகளாலேயே வீழ்ந்து கிடக்கிற கிழவர் முன் நிற்க தருமன் வெட்கப்படுகிறான், அஞ்சுகிறான். பீஷ்மரோ, அருகே வா, கேள் என்கிறார். காயப்பட்டவர் காயப்படுத்தியவனுக்குப் பதில் சொல்கிறார், சலிக்காமல், பாரதத்தின் மிகப் பெரிய பருவம் நிறையும் அளவுக்கு. அதற்குப் பிறகே அவன் ஆளத் தகுந்தவன் ஆகிறான்.

மதராஸ் ரெஜிமெண்டின் குறிக்கோள் வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. தன் தர்மத்தில் நின்று இறப்பதே மேல் என்பது அதன் கருத்து. இறப்பவனுக்கு அது போதும். கொடி போர்த்துகிறோம், பியூகிள் ஊதுகிறோம், கல்லில் பெயர் பொறிக்கிறோம். தன் தர்மத்தில் நின்று, கொன்று, சாகாமல் திரும்பியவனுக்கு என்ன சொல்வது? அவனுக்கு நம்மிடம் இருப்பது ஒரு படிவம் மட்டும் என்றால், அது அந்தப் படிவத்தின் குறை மட்டுமல்ல.

ஆகவே நான் கேட்பவை இவை. விடுவிப்புக்கு முன் மனநலப் பரிசோதனை என்பது தடுமாறியவனுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. ஓய்வு பெறுகிற ஒவ்வொருவனும் பேசத் தெரிந்த ஒருவரோடு அவசரமில்லாமல் உட்கார வேண்டும். இப்போது பெரும்பாலோர் "சப் டீக் ஹை, சாப்" (எல்லாம் சரிதான், ஐயா) என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். முழு நலம் என்று பொருள்படும் 'ஷேப் ஒன்' தரத்தை எழுதி வாங்கினால்தான் வங்கிக் காவலர் வேலை கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. உண்மை சொன்னவன் வேலையும் மதிப்பும் இழப்பான் என்றால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் விதித்தால் யாருக்கும் இழிவில்லை. அடுத்து, நோய் இவன் கொண்டுவந்தது என்று எழுதும் கை அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். தெளிவில்லை என்றால் ஐயத்தின் பலன் அவனுக்கே. மூன்றாவது, நோய் என்று எழுத முடியாத பாரத்தைப் பேச, படிவத்தில் ஏறாத ஓர் இடம் வேண்டும். மத போதகர்களாகிய நாங்கள் அங்கே இருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் போர்டு முன் நிற்பதற்கு முன்பே அவர்களிடம் எங்களை அனுப்புங்கள்.

மிச்சம் நம்முடையது. அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது நாடு. அந்த நாட்டில் நானும் வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன், நிம்மதியாகத் தூங்குகிறேன். இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது சீடர்கள் தங்களை விட்டுவிட்டார்கள். நாம் விட்டுவிடக் கூடாது. எங்களுக்காகச் செய்தாய், அந்த உயிரின் பாரத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று, திரும்பி வந்தவனிடம் ஊரும் கோயிலும் சபையும் பள்ளிவாசலும் சொல்ல வேண்டும். சொன்னதற்கேற்ப அவன் வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதைச் செய்யாதவரை அவனைப் பரிசோதிக்க நமக்கு உரிமை பாதிதான்.